பெயர் எழுதாத பாட்டில்

1

போன வாரம் என் மகள் மதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளும் ஒரு அட்டை நிறைய ஸ்டிக்கரும் கொண்டுவந்தாள். சிவப்பு வட்டம், நடுவில் பெருக்கல் குறி. வீட்டில் எதைக் குடித்தால் ஆபத்தோ அதன்மேல் இதை ஒட்ட வேண்டும். ஒட்டியதையெல்லாம் தாளில் வரிசையாக எழுத வேண்டும். கீழே அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு அந்த வாரம் அதுதான் வீட்டுப்பாடம்.

நாங்கள் தென்கொரியாவில் கடலோரமாக இருக்கும் ஒரு தொழில்நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் முருகேசனுக்கு இங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மோல்டு என்கிற அச்சுகளைப் பராமரிக்கும் வேலை. நான் இந்த மொழியின் எழுத்துகளை நாலு மாதத்தில் கற்றுக்கொண்டேன். எந்தப் பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்தது என்ன என்பதுதான் தெரியாது. வந்த புதிதில், துணிக்கு வாசனை ஏற்றும் திரவத்தைச் சோப்பு என்று நினைத்து மூன்று வாரம் அதிலேயே துவைத்தேன். துணி மணந்தது, அழுக்கு போகவில்லை. மாடிவீட்டுப் பெண் பாட்டிலைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போது கடைக்குப் போனால் லேபிளை வாசித்துச் சொல்வது மதி. அவளுக்கு ஏழு வயது. பொம்மைகளோடு பேசுவது, எண்ணுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் அந்த மொழியில். தமிழ் எனக்காக மட்டும் பேசுகிறாள். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் வீடு முழுக்கச் சுற்றி வந்து ஒட்டினாள். குளியலறையில் நாலு. சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று. பிறகு சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்தவள், ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் திரவம். பாக்கெட்டில் வாங்கி நான்தான் அதில் ஊற்றி வைத்திருந்தேன்.

"அம்மா, இது ஜூஸ் இல்ல."

"இல்ல."

"ஆனா ஜூஸ் படம் இருக்கு."

அதற்கு மட்டும் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் யாருக்காவது முன்பு இப்படி ஆகியிருக்கிறதா, பெரியவர்களைக் கேட்டு எழுது. மதி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் பேபியா இருக்கும்போது கெரசின் குடிச்சேன்ல, அது எழுதட்டா?"

"நாளைக்கு எழுதலாம்," என்றேன்.

ஏன் நாளைக்கு என்றேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் குடித்தது கெரசின் இல்லை.

2

நான் சாத்தூர் பக்கத்துக்காரி. அம்மா வீட்டிலேயே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார். நூற்று நாற்பத்து நாலு பெட்டிக்கு இவ்வளவு கூலி என்று குரோஸ் கணக்கில் ஒட்டுவார். அதில் எழுதியிருப்பது ஒன்றைக்கூட அவரால் வாசிக்க முடியாது. தலைகீழாக ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகப் படத்தை மட்டும் பார்த்துக்கொள்வார். அப்பாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கேம்பஸில் தேர்வாகி, ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் குறைத்துச் சொல்ல வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை போட்டு, கம்பெனி பஸ்ஸுக்காக விடியலில் ரோட்டோரம் நிற்கும்போது முதுகை நிமிர்த்தி நிற்பேன்.

ஒரு செல்போன் பாகங்கள் தொழிற்சாலையில் வேலை. அசெம்பிளி லைனில் சேர்ந்து, டெஸ்டிங் மேசைக்கு உயர்ந்தேன். முருகேசன் கோவில்பட்டிக்காரர், ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் இருந்தார். கல்யாணமாகி இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாக ஆறு அறை கட்டிவிட்டிருந்த ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். மதி பிறந்த பிறகு இரண்டு பேரும் எதிரெதிர் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டோம். அவர் காலை ஷிஃப்ட் என்றால் நான் மதியம். நான் கிளம்பி அவர் வரும்வரை உள்ள இரண்டு மணி நேரம் மட்டும் வீட்டுக்கார வசந்தாக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். வசந்தாக்கா அந்த ஊர்க்காரர். எங்கள் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.

"உன் பொண்ணு இன்னாமா, தண்ணிய டம்ளர்ல குட்த்தா தள்ளி வுடுது, பாட்டிலுன்னா தாவுது."

உண்மைதான். ஒன்றேகால் வயதில் மதி என் தண்ணீர் பாட்டிலைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பாள். சிந்தமாட்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் செய்துகாட்டச் சொல்வேன்.

3

எங்கள் லைனில் எல்லா மேசையிலும் ஒரு குட்டி பாட்டில் இருக்கும். அழுத்தினால் மேலே ஒரு மடக்கு திரவம் வரும். சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்த இடத்தைப் பிரஷ்ஷால் துடைக்க அது. பார்க்கத் தண்ணீர் மாதிரி, முகர்ந்தால் ஊசி போடும்போது வரும் வாசனை. பாட்டிலில் 'கிளீனர்' என்று ஒட்டியிருக்கும். தீர்ந்தால் கெமிக்கல் ரூமில் பெரிய கேனிலிருந்து ஊற்றிக்கொண்டு வருவோம். இரண்டு வருடம் நானும் ஊற்றிக்கொண்டு வந்தேன். கேனில் பெரிய லேபிள் உண்டு. சிறிய எழுத்தில் என்னென்னவோ எழுதியிருக்கும். நான் வாசித்ததில்லை. எங்களுக்கு அது கிளீனர். அவ்வளவுதான்.

அது எதையும் எடுக்கும். சட்டையில் பேனா மை, செல்போன் திரையில் பிசுக்கு, புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கர் பசை. அதனால் லைனில் எல்லாப் பெண்களும் தண்ணீர் பாட்டிலில் இரண்டு விரல் அளவு ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவோம். கேட்டில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலை யாரும் பார்ப்பதில்லை. திருட்டு என்று அதை நாங்கள் நினைக்கவே இல்லை. ஆனால் அந்த வருடம்தான், கையுறைக் கட்டு ஒன்றைப் பையில் வைத்திருந்த பெண்ணை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவள் போட்டோவை கேட்டில் ஒரு மாதம் ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பாட்டிலோடு வெளியே வந்தோம்.

4

மதிக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மொட்டை போடுவதாக இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க இருபத்தைந்து எவர்சில்வர் டப்பா வாங்கியிருந்தோம். விலை ஸ்டிக்கரோடு கொடுத்தால் மரியாதையாக இருக்காது. ஒரு காலை, முருகேசன் ஷிஃப்டுக்குப் போன பிறகு, கிளீனர் இருந்த தண்ணீர் பாட்டிலும் பழைய துணியுமாகத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பசையை எடுத்துக்கொண்டிருந்தேன். மதி பக்கத்தில் டப்பாக்களை அடுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். பதினாலு டப்பா முடிந்திருந்தது.

வெளியே வசந்தாக்கா குரல் கேட்டது. "மோட்டர் போட்டுக்கீறேன், புட்ச்சிக்கோங்க."

காம்பவுண்டுக்குப் பொதுக் குழாய். மோட்டார் ஓடும் நேரத்தில் பிடிக்காவிட்டால் சாயங்காலம்வரை தண்ணீர் இல்லை. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். நாலு நிமிடம் இருக்கும். கிளீனர் பாட்டிலை மூடித்தான் வைத்தேன். நன்றாகத் திருகினேனா என்று ஆறு வருடமாக யோசிக்கிறேன்.

திரும்பி வந்தபோது மதி இருமிக்கொண்டிருந்தாள். கன்னம், சட்டை எல்லாம் நனைந்து ஊசி வாசனை. பாட்டில் உருண்டு கிடந்தது. எவ்வளவு குடித்தாள், எவ்வளவு கொட்டினாள் என்று தெரியவில்லை. தூக்கியதும் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. அதுதான் பயமாக இருந்தது. தலை என் தோளில் சரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பார்த்தாள், பார்த்தது என்னை இல்லை.

நான் கத்தியிருக்க வேண்டும். வசந்தாக்கா ஓடி வந்தார்.

"இன்னாமா ஆச்சி? கொயந்த ஏன் இப்டி தொவளுது?"

"பாட்டில்ல இருந்ததைக் குடிச்சிருச்சுக்கா."

"இன்னாத்த? கெரசினா?"

எங்கள் அறையில் ஸ்டவ்வுக்கு என்று கெரசின் இருந்தது. எல்லா அறையிலும் இருந்தது. கெரசின் குடித்த பிள்ளைகளைப் பற்றி அந்தக் காம்பவுண்டில் யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். கேட்டில் ஒட்டியிருந்த அந்தப் பெண்ணின் போட்டோ என் கண்முன்னால் வந்தது. நான் தலையாட்டினேன்.

"ஆமாக்கா."

வசந்தாக்கா உள்ளே ஓடி உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். "வாய்ல ஊத்தி வெரல வுடு, வாந்தி வந்துடும்." தூங்கி விழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினால் நெஞ்சில் ஏறிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். வேண்டாம் என்றேன். "இன்னா பொம்பள நீ, படிச்சவ படிச்சவன்னு சொல்லிகினு," என்று திட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தியவரும் அவர்தான்.

5

முதலில் ரோட்டோரத்தில் இருந்த சின்ன கிளினிக். அங்கே டாக்டர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. என்ன குடித்தது என்று கேட்டார். எனக்கு முன்னால் வசந்தாக்கா சொன்னார். "கெரசின் சார்." என்னைப் பார்த்தார். நான் மறுபடி தலையாட்டினேன். சீட்டில் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஆட்டோவில் அந்தச் சீட்டு என் கையில் இருந்தது. பூந்தமல்லி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. சீட்டில் இருந்த சொல்லை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நன்றாக வாசிக்க முடிந்தது. பொய்யை எழுத்தில் பார்த்தால் உண்மைபோலவே இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது என் வயதே இருக்கும் ஒரு பெண் டாக்டர். சீட்டை வாங்கிக் கேஸ் தாளில் எழுத ஆரம்பித்தவர், குனிந்து மதியின் வாயருகே முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"கெரசின்னா இந்த ரூமே நாறணும். ஸ்பிரிட் வாசனை அடிக்குது. என்ன குடுத்தீங்க?"

'என்ன குடித்தது' என்று அவர் கேட்கவில்லை, நானே கொடுத்ததாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வசந்தாக்கா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஸ்பிரிட்ல ரெண்டு மூணு வகை இருக்கு," என்றார் டாக்டர். நர்ஸ் மதியின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு வகைன்னா குளுக்கோஸ் ஏத்திக் கூடவே இருந்து பாத்துக்கிட்டா போதும். இன்னொரு வகைன்னா கண்ணு போயிடும். உயிரும் போலாம். அதுக்கு மருந்து வேற, இப்பவே ஆரம்பிக்கணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மதி ஊசி குத்தியதற்கு அழவில்லை.

"ஃபேக்டரில இருந்து நான் எடுத்துட்டு வந்தது," என்றேன். "போர்டு தொடைக்கிறது."

"பேரு?"

"கிளீனர்."

"கிளீனர்னா? கெமிக்கல் பேரு என்ன?"

"தெரியல. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"டிப்ளமோ. எலக்ட்ரானிக்ஸ்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "போன் பண்ணிக் கேளுங்க. சீக்கிரம்."

லைனில் இருப்பவர்களுக்குப் போன் கிடையாது. உள்ளே போகும்போதே லாக்கரில் வைத்துவிட வேண்டும். முருகேசன் கம்பெனியிலும் அதேதான். என்னிடம் இருந்தது கேட் நம்பர் ஒன்றுதான். லீவு சொல்ல அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவோம். அங்கே பக்தவச்சலம் என்று ஒரு செக்யூரிட்டி. லீவு நோட்டில் காரணம் எழுதாமல் யாரையும் விடமாட்டார். வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பார். நாங்கள் அவரைக் கலெக்டர் என்போம்.

"இன்னாமா ராஜலட்சுமி, லீவா? காரணம் சொல்லு, எய்திக்கிறேன்."

"அண்ணே, லீவு இல்ல. சூப்பர்வைசர் சரவணன் சார் அவசரமா வேணும்."

"லைன்ல கீறவங்கள கூப்ட முடியாது. ரூல்ஸு தெரியும்ல ஒனக்கு. மேட்டர் இன்னா?"

வசந்தாக்கா கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் கேட்டின் பக்கம் யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"நம்ம கிளீனரை நான் பாட்டில்ல ஊத்தி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்ணே. என் புள்ள குடிச்சிருச்சு. அது என்னன்னு டாக்டர் கேக்காங்க. கெமிக்கல் ரூம்ல பெரிய கேன் இருக்கும், அதுல பேரு எழுதியிருக்கும். அதைப் பாக்கணும்."

"ஏய், சும்மா இருங்கடா," என்று அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

"புள்ளைக்கு எத்தினி வயசு?"

"ஒன்னேகால்."

"போன வெக்காத." ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ஓடும் சத்தம். பூட்ஸ் போட்டு ஓடுகிற கனத்த மனிதரின் சத்தம். கேட்டை விட்டு நகரக் கூடாது என்பதுதான் அவருக்கு உள்ள ஒரே பெரிய விதி.

ஐந்தாறு நிமிடம் இருக்கும். மதியின் சர்க்கரை இறங்கியிருப்பதாக நர்ஸ் சொன்னார். கையில் நரம்பு தேடினார்கள். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காலியான கேட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் சரவணன் சார் சொல்லித்தான் தெரியும்: பக்தவச்சலத்துக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கெமிக்கல் ரூமுக்குப் போய், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, கேனையே தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழியில் லைன் கண்ணாடியைத் தட்டி சரவணன் சாரையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

போனை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே எழுதினார். "ஐசோபுரோப்பைல்… வேற ஏதாவது கலந்திருக்கா? மெத்தனால்னு எங்கயாவது இருக்கா? நல்லாப் பாருங்க. லேபிள் முழுக்க வாசிங்க." முழுக்க வாசித்திருப்பார்போல. ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கேஸ் தாளில் 'கெரசின்' என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார்.

"கண்ணுக்குப் பயமில்ல," என்றார். "தூங்குவா. சர்க்கரை இறங்காம, மூச்சு குறையாமப் பாத்துக்கணும். நாங்க பாத்துக்கறோம்."

போனை என்னிடம் திருப்பித் தந்தார். சரவணன் சார் லைனில் இருந்தார். "ராஜலட்சுமி, மொதல்ல புள்ளையப் பாரு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

வசந்தாக்கா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார். "நா இன்னா போலீஸா, என்கிட்ட போயி கெரசின்னு சொன்னியே," என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார்.

6

போலீஸும் வந்தது. விஷம் என்றால் ஆஸ்பத்திரி தகவல் சொல்லியாக வேண்டுமாம். ஒரு ஏட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "புருஷனோட சண்டையா? நீயும் குடிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உண்மையைச் சொல்லும்மா, எல்லாரும் மொதல்ல இல்லன்னுதான் சொல்றாங்க." நான் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டாமலே கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முருகேசன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தபோது மதி கண்ணைத் திறந்து குளுக்கோஸ் டியூபைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"எதுக்குக் கெரசின்னு சொன்ன?"

"வேலை போயிரும்னு."

எழுந்து வந்து மதியின் கையை டியூபிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஊருக்குக் கெரசின்னே சொல்லிக்குவோம். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஒன்னய வாழ்நாள் பூரா குத்திக்கிட்டே இருக்கும்." என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். அப்படித்தான் அந்தப் பொய் மறுபடி உயிரோடு எழுந்தது. மதி அதைக் கேட்டு வளர்ந்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் கம்பெனியில் விசாரணை. விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'எனக்குத் தெரியாமல் பாட்டிலில் கொஞ்சம் தங்கிவிட்டது' என்று எழுதிவிடு, தப்பித்துக்கொள்ளலாம் என்று லைனில் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்ததை எழுதினேன். மற்ற யாரும் எடுப்பார்களா என்று கேட்டார்கள். என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். மெமோ கொடுத்தார்கள். லைன் லீடர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது, அதை நிறுத்தினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. சரவணன் சார் எனக்காகப் பேசினார் என்று பிறகு தெரிந்தது.

கேட்டில் புது விதி வந்தது. வெளியே போகும் ஒவ்வொருவரும் தங்கள் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்துக் காட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஹாரன் அடிக்க, முந்நூறு பெண்கள் வரிசையில் நின்று பாட்டிலைத் தூக்கிக் குடிப்பார்கள். பக்தவச்சலம் ஒவ்வொருத்தியின் தொண்டையையும் பார்ப்பார்.

"குடிடி, ராஜி தீர்த்தம்," என்பாள் ஒருத்தி.

"கலெக்டர் சார், எனக்குத் தாகம் இல்ல, நீங்க குடிங்க," என்பாள் இன்னொருத்தி.

"எனக்குப் புள்ள இல்ல, எனக்கெதுக்கு இந்தச் சோதனை?"

"இப்ப இல்ல. நாளைக்கி?" என்பார் அவர், சிரிக்காமல்.

நான் குடிக்கும்போது மட்டும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நான் அவர் பார்க்கும்வரை காத்திருந்து குடிப்பேன்.

மொட்டை ஒரு மாதம் தள்ளி நடந்தது. டப்பாக்களில் பதினொன்று பசையோடே போயின. எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் கடுகு, சீரகம் போட்டு வைத்திருக்கும் அந்த டப்பாவின் பக்கவாட்டில் கை ஒட்டினால், காரணம் இதுதான்.

இதை என் தம்பி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான் என்று தெரியும். அம்மா, உன்னால் வாசிக்க முடியாது, அதனால் ஆயிரம் லேபிளை வாசிக்காமல் ஒட்டினாய். எனக்கு வாசிக்க வரும். இரண்டு வருடம் ஒரே ஒரு லேபிளை நான் வாசிக்கவில்லை.

7

மறுநாள் மதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாளை எடுத்து வைத்தாள். அவளிடம் சொன்னேன். எளிதாக இல்லை. அவளுக்குத் தெரிந்த தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, சுற்றி வளைக்க அந்தத் தமிழில் இடமில்லை. நான் வேலைசெய்த இடத்திலிருந்து கேட்காமல் எடுத்து வந்தேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன். நீ தண்ணீர் என்று குடித்தாய்.

"பாட்டில் மேல பேர் எழுதலயா?"

"எழுதல."

"அம்மாக்கு எழுதத் தெரியும்ல?"

"தெரியும்."

அவள் யோசித்தாள். "அப்போ கெரசின்?"

"அது பொய். டாக்டர்கிட்டயும் முதல்ல பொய் சொன்னேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலைத் திருப்பிப் பிடித்து எழுத ஆரம்பித்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஐந்து வரி எழுதினாள். முடித்து, தாளின் கீழே விரலை வைத்தாள். "இங்க சைன் பண்ணு."

"மொதல்ல வாசி."

"அம்மாக்குப் புரியாது."

"தமிழ்ல சொல்லு. ஒவ்வொரு வரியா."

அவளுக்கு அலுப்பு. வெளியே தோழி ஒருத்தி சைக்கிள் மணி அடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் விரலை வரியின்மேல் ஓட்டிக்கொண்டு சொன்னாள்.

"நான் பேபியா இருக்கும்போது… ஃபேக்டரி தண்ணி குடிச்சேன். பாட்டில்ல பேர் இல்ல. அம்மா… டாக்டர்கிட்ட பொய் சொன்னா. அப்புறம் நிஜம் சொன்னா. அதனால மருந்து… சரியான மருந்து கிடைச்சுது."

பொய் என்பது எந்தச் சொல் என்று கேட்டேன். தொட்டுக் காட்டினாள். மூன்று எழுத்து. எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தேன். மதி என் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர் பாப்பாங்க," என்றாள். "அந்த வரி அழிக்கட்டா?"

அழிப்பானைக் கையில் எடுத்தும் விட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்று சொல்லிப் பேனாவை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் என் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினேன்.